கோபுரம் அப்புறம் கட்டலாம், கிராண்ட் முதல்ல எடுப்போம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி போட்டுக்கிட்டு உக்காந்து படிங்க. பாதியில நிறுத்திட்டு சண்டைக்கு வராதீங்க. முழுசா படிச்சிட்டு வந்தா சந்தோஷமா சண்டை போடலாம்.

ஞாயித்துக்கிழமை காலையில நாங்க ஒரு கூட்டமா நடக்கிறது உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். 2023-ல நம்ம அன்னதானக் குழுவில் ஒருத்தருக்கு நெஞ்சடைப்பு வந்தது. டாக்டர் அவரை நடக்கச் சொன்னார். தனியா நடக்க அவருக்குக் கூச்சம். துணைக்கு ஏழு பேர் போனோம். இப்போ இருபது பேருக்கு மேல வர்றாங்க. ஏழு மணிக்கு அம்மன் வாசல்ல திருநீறு பூசிக்கிட்டு கிளம்புவோம். பழைய தோட்டத்து மண் சாலை வழியா செம்பனைக்குள்ள போய், ஆத்துப் பாலம் வரைக்கும் நடந்து, ஒன்பதரைக்குள்ள திரும்பி வந்து பசியாறுவோம். கட்டணம் கிடையாது. ஒரே ஒரு சட்டம்தான்: நடக்கும்போது அரசியல் பேசக்கூடாது.

அந்தச் சட்டத்தை இன்னிக்கு நாங்களே மீறப் போறோம்.

அந்தப் பாதையில நடந்தவங்களுக்குத் தெரியும், பார்க்கப் பெருசா ஒண்ணும் இருக்காது. வெட்டிப்போட்ட மட்டைக் குவியல், லோரி போன தடத்துல தேங்கின தண்ணி, எலி பிடிக்க ஆந்தைக்கு வச்ச மரப்பெட்டி, எப்பவாவது குறுக்கே ஓடுற உடும்பு, அவ்வளவுதான். ஆனா கொஞ்சம் கவனிச்சுப் பார்த்தா வேற விஷயம் தெரியும். செம்பனைக்கு நடுவில திடீர்னு ஒரு முருங்கை மரம் நிக்கும். பக்கத்துல கறிவேப்பிலைச் செடி. இந்த ரெண்டும் சேர்ந்து இருந்தா, அங்க நம்ம ஆளுங்க வீடு இருந்துச்சுன்னு அர்த்தம். புல்லை விலக்கினா லயத்தோட சிமெண்டுப் படிக்கட்டு இருக்கும். வீடு இல்லை, படி மட்டும் இருக்கும். எங்கள்ல மூணு பேர் அந்த லயத்துல பிறந்தவங்க. ஒவ்வொரு வாரமும் அந்தப் படிகிட்ட வந்ததும் பேச்சு தானா குறைஞ்சிடும்.

இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு முனியாண்டி இருக்கார். தகரக் கூரை விழுந்து பல வருஷம் ஆச்சு. ஒரு சூலமும் ரெண்டு கல்லும்தான் மிச்சம். யாரோ ஒருத்தர் இன்னமும் எலுமிச்சம்பழமும் சுருட்டும் வச்சிட்டுப் போறார். யாருன்னு இதுவரைக்கும் நாங்க பார்த்ததில்லை. அடுத்த தடவை மரம் மாத்தி நடும்போது அந்தச் சூலமும் போயிடும். தடுக்க நம்மகிட்ட ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை.

போன மாசம் ஒரு மாறுதலுக்கு மெர்போக் பக்கம் போனோம். மூணு வேன். வண்டியை ஊருக்குள்ள நிறுத்திட்டு, பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் வரைக்கும் நடந்தே போனோம். ஒரு பக்கம் ஜெராய் மலை, இன்னொரு பக்கம் கம்பத்து வீடுகள், டுரியான் மரங்கள். இளைஞர்கள் சிலர் ராஜேந்திர சோழன் படம் போட்ட சட்டையோட வந்திருந்தாங்க. 1025-ல சோழர் கப்பற்படை வந்த கடாரம் இந்தக் கெடாதான்னு வழி நெடுக ஒரே பெருமைப் பேச்சு. பெருமைப்படட்டும், தப்பில்லை. எங்களுக்கும் அந்தப் பெருமை உண்டு.

மேலே ஏறினா புக்கிட் பத்து பஹாட் கோயில். மலாய்ல சண்டின்னு சொல்றாங்க. 1930-களில் ஓர் ஆங்கிலேயத் தம்பதியர் தோண்டி ஆராய்ந்த இடம். 1959, 60-ல கல்லைக் கல்லாக அடுக்கி மறுபடியும் நிறுத்தினாங்க. கருவறை இருந்த மேடை, அதுக்கு முன்னால மண்டபம், கூரைத் தூண் நின்ற கல் அடிகள். கூரை மரத்தில் இருந்ததால மக்கிப் போச்சு. அடித்தளத்துல புதைச்சு வச்ச கற்பேழைகள் கிடைச்சதா அங்கே எழுதி வச்சிருக்காங்க. நம்ம கும்பாபிஷேகத்துக்கு சாமிக்கு அடியில நவரத்தினம் வைக்கிறோமே, அதே மாதிரி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியும் யாரோ ஒருத்தர் நம்மள மாதிரியே பயபக்தியோட குனிஞ்சு வச்சிருக்கார். கீழே ஓடை சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது. எங்களோட வந்த ஓர் அம்மா சூடம் ஏத்தணும்னு கேட்டாங்க. அது அருங்காட்சியகம், ஏத்தக்கூடாதுன்னு சொன்னோம். கண்ணை மூடிக் கும்பிட்டுட்டு வந்துட்டாங்க.

அந்தக் கோயில் பிழைச்சது. பிழைக்காத ஒண்ணும் அதே பள்ளத்தாக்குல இருந்தது. சுங்கை பத்துவில் இருந்த 11-ஆம் எண் சண்டி. அதுவும் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டதுன்னுதான் செய்திகள்ல வந்தது. 2013-ல ஒரு வீடமைப்பு நிறுவனம் நிலத்தைச் சுத்தம் செய்யும்போது அதை இடிச்சுப் போட்டுச்சு. வருஷக் கடைசியில விஷயம் வெளியே வந்தப்போ நாடே கொந்தளிச்சது. கடைசியில தெரிஞ்ச உண்மை என்ன? நிலம் தனியாருடையது. அந்தக் கட்டடம் பாரம்பரியச் சின்னம்னு கெசட் செய்யப்படவே இல்லை. இத்தனை நூற்றாண்டு மழையும் வெயிலும் தொடாத செங்கல், ஓர் எக்ஸ்கவேட்டர் முன்னால ஒரு நாள் கூடத் தாங்கல.

திரும்பி வரும்போது ஓர் ஒட்டுக்கடையில உக்காந்தோம். கோப்பி போட்டுக் கொடுத்த பாக்சிக்குக்கு எழுபது வயசு இருக்கும். எங்க நெத்தியைப் பார்த்துட்டு, எந்த ஆலயம்னு கேட்டார். சொன்னோம். அவருக்கு நம்ம தோட்டமே தெரிஞ்சிருந்தது. சின்ன வயசுல அங்கே லோரி அட்டெண்டண்டா வேலை செஞ்சாராம். திருவிழா அன்னிக்கு மஞ்சள் தண்ணி ஊத்தி விட்டாங்கன்னு சிரிச்சார். நம்ம ஆலயம் இன்னும் அங்கேயே இருக்கான்னு கேட்டார். இருக்குன்னோம். அடுத்து ஒரு கேள்வி கேட்டார்: "சூராட் அடா?"

காகிதம் இருக்கான்னு கேட்டார். அவ்வளவுதான். கேலியா கேட்கலை, அக்கறையாத்தான் கேட்டார். அவர் தாத்தா காட்டை வெட்டித் திருத்தின நிலத்துக்கு அந்தக் காலத்துலயே கிராண்ட் எடுத்து வச்சதால, பேரன் இன்னிக்கு அதே இடத்துல கடை போட்டிருக்கார். நீங்க இத்தனை வருஷம் சாமிக்கு எடுக்கலியான்னு கேட்டார். இருபது பேர் உக்காந்திருந்தோம். ஒருத்தருக்கும் பதில் வரலை.

பக்தர்களே, இப்போ நம்ம கதைக்கு வருவோம்.

நம்ம ஆலயம் தோட்ட நிர்வாகம் இருந்த காலத்துல, துரையோட வாய்மொழி அனுமதியில கட்டினது. அப்பெல்லாம் யாரும் காகிதம் கேட்கலை. பெரட்டுல சொன்னா போதும், திருவிழாவுக்கு லீவு கிடைக்கும். பெயிண்டு தோட்டக் கணக்குல வரும். மாசம் ஒரு வெள்ளி கோயில் காசு அப்பாமார் சம்பளத்துலயே பிடிச்சாங்க. அந்தக் காசுலதான் அம்மனுக்குக் கருங்கல் சிலை வந்தது. அப்புறம் தோட்டம் கை மாறிச்சு. கித்தா போய் செம்பனை வந்தது. பாதி நிலம் தாமான் ஆச்சு. நம்ம ஜனங்க மலிவு வீட்டுக்கு வந்தாங்க. அம்மன் மட்டும் இருந்த இடத்துலயே இருக்கா.

சிலர் நம்மள மாதிரி ஆலயங்களை "சட்டவிரோத ஆலயம்"னு சொல்லும்போது நெஞ்சு எரியுது. உண்மையில நடந்தது என்ன? ஆலயம் யார் நிலத்துலயும் போய் உக்காரலை. ஆலயம் இருந்த இடத்துலயே இருந்தது, நிலத்தோட சொந்தக்காரர்தான் மாறினார். இதை நாம எங்கே வேணும்னாலும் தலைநிமிர்ந்து சொல்லலாம். ஆனா தலைநிமிர்ந்து சொன்னா மட்டும் பெஜாபாட் தானாவுல பேர் மாறாது. அதுதான் கஷ்டம்.

எண்பது வருஷம், நூறு வருஷம் இருந்துட்டோம், இனிமே நிலம் நமக்குத்தான்னு நம்மில் பல பேர் நினைக்கிறோம். அது தப்புங்க. தேசிய நிலச் சட்டம் 1965-ல தெளிவாவே இருக்கு. 48-ஆவது பிரிவு: அரசாங்க நிலத்துல எத்தனை காலம் குடியிருந்தாலும் அதை வச்சு உரிமை வராது. 341-ஆவது பிரிவு: தனியார் நிலத்துலயும் அதே கதைதான், அனுபவிச்சு வந்ததால மட்டும் சொந்தக்காரரோட உரிமை போகாது. இன்னொரு பக்கம், நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்துல 11-ஆவது விதி நமக்கு ஒரு பெரிய உரிமையைக் கொடுத்திருக்கு. எந்த மதக் குழுவும் சட்டப்படி சொத்து வாங்கலாம், வச்சிருக்கலாம், நிர்வகிக்கலாம். அந்த "சட்டப்படி"ங்கிற வார்த்தையைத்தான் நாம படிக்காம விட்டுட்டோம்.

சரி, அரசியலுக்கு வருவோம். 2022 நவம்பர் பொதுத் தேர்தல்ல ஒருத்தர் நம்ம மண்டபத்துக்கு வந்தார். சால்வை போட்டோம், மாலை போட்டோம். நிலப் பிரச்சினையை முடிச்சுத் தர்றேன்னார், கை தட்டினோம். 2023 ஆகஸ்ட் மாநிலத் தேர்தல்ல எதிர்க்கட்சியிலிருந்து இன்னொருத்தர் வந்தார். அதே சால்வை, அதே பேச்சு, அதே கைதட்டல். ரெண்டு பேருமே கெட்டவங்க இல்லை. ஒருத்தர் கூரைக்கு மானியம் வாங்கிக் கொடுத்தார், நன்றி. ஆனா நாம ஒருத்தர்கிட்டயும் லோட் நம்பர் என்னன்னு சொல்லலை. நமக்கே தெரியாதே, எப்படிச் சொல்றது? நிலம் மாநில அரசாங்கத்தோட அதிகாரம். நாடாளுமன்றத்துக்குப் போறவர் நேரடியா ஒரு கையெழுத்துப் போட்டு அதைத் தர முடியாது. இது தெரியாமலே நாம கேட்டோம், அவரும் தெரிஞ்சோ தெரியாமலோ தர்றேன்னார்.

அதைவிட மோசம், ஆலயத்துக்குள்ளயே கட்சி பிரிஞ்சு நிக்கிறது. 2018 நவம்பர் 26 சீபீல்ட் சம்பவத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அந்த ஆலய நில விவகாரம் நீதிமன்றம் போய், 2014-லயே இணக்கத் தீர்ப்பும் வந்திருந்தது. ஆனா ஆலயத்துக்கே ரெண்டு தரப்பு உரிமை கொண்டாடினாங்க. பேச வேண்டியவங்க ஒரே குரல்ல பேசலை. நடுராத்திரியில வெளி ஆட்கள் உள்ளே புகுந்தாங்க, வண்டிகள் எரிஞ்சது, அங்கே படுகாயமடைஞ்ச ஒரு தீயணைப்பு வீரர் டிசம்பர் 17-ல காலமானார். அந்தக் குடும்பத்தோட கண்ணீரை எந்தப் பரிகாரத்தாலயும் துடைக்க முடியாது. 2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பக்கம் இருந்த பத்ரகாளியம்மன் ஆலயம் நாடு முழுக்கப் பேச்சாச்சு. அங்கே கடைசியில பேச்சுவார்த்தை நடந்து, பக்கத்துலயே மாற்று இடம்னு முடிவாச்சு. அந்த முடிவு சரியா தப்பான்னு நாங்க இங்கே தீர்ப்புச் சொல்ல வரலை. பேப்பர் கையில இல்லாதவன் எங்கே உக்காந்து, எந்த நிலைமையில பேச வேண்டியிருக்குன்னு மட்டும் பாருங்க.

இப்போ நம்ம ஆலயத்துல மூணு நிலை ராஜகோபுரம் கட்டணும்னு தீர்மானம் வரப்போகுது. மதிப்பீடு மூணு லட்சத்து ஐம்பதாயிரம் வெள்ளி. எண்பத்து இரண்டாயிரம் சேர்ந்தாச்சு. இந்தப் பதிவு அதுக்காகத்தான்.

கோபுரம் வேணும்னு சொல்ற பெரியவங்க ரெண்டு காரணம் சொல்றாங்க. ரெண்டையும் நாங்க மதிக்கிறோம். முதல் காரணம்: பெருசா கட்டிட்டா யாரும் கை வைக்கத் துணிய மாட்டாங்க. ரெண்டாவது: பெஜாபாட் தானாவுக்குப் போய் நாமளே கேட்டா, தூங்குற புலியை எழுப்பின மாதிரி ஆயிடும்.

முதல் காரணத்துக்கு சுங்கை பத்துதான் பதில். அதோட, அனுமதியில்லாத நிலத்துல அனுமதியில்லாம பெருசா கட்டினா, நாளைக்கு இடிக்கச் சொல்றவங்களுக்கு நாமளே ஒரு காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி. நம்ம பாட்டிமார் காதுத் தோட்டைக் கழட்டிக் கொடுத்த காசு அது. அதை மத்தவங்க நிலத்துல ஊத்தலாமா?

ரெண்டாவது காரணத்துல உண்மை இருக்கு, மறைக்கலை. கேட்டா என்ன பதில் வரும்னு யாராலயும் உறுதி சொல்ல முடியாது. ஆனா புலி தூங்கலைங்க. மெர்போக்லேர்ந்து வந்த மறு வாரம் நாங்க மூணு பேர் லீவு போட்டு, லோட் நம்பரைக் கண்டுபிடிச்சு, பெஜாபாட் தானாவுல கட்டணம் கட்டி சாரியான் எடுத்தோம். யாரும் எடுக்கலாம், பெரிய காசு இல்லை. அதுல தெரிஞ்சது இதுதான்: கருவறையும் அர்த்தமண்டபமும் இருக்கிறது ஒரு தனியார் நிறுவனத்தோட பேர்ல இருக்கிற லோட். பின்னால அன்னதானக் கூடமும் கழிவறையும் இருக்கிறது ஆத்து ரிசாப். கோபுரம் வரப்போற முன்பக்கத்துல தாமான் சாலையை அகலப்படுத்துற கோடு ஓடுது. அதாவது, நாம கோபுரம் கட்ட நினைக்கிற இடத்துல இன்னொருத்தர் ரோடு போட நினைச்சு வச்சிருக்கார். புலி முழிச்சுத்தான் இருக்கு. நாமதான் தூங்கறோம்.

இன்னொண்ணும் சொல்லியாகணும். இதைச் சொல்லாம மத்தவங்களுக்குப் புத்தி சொல்றது நியாயம் இல்லை. 2009-ல அப்போதைய நிலச் சொந்தக்காரர்கிட்டேர்ந்து நம்ம ஆலயத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஆலய நிலத்தைப் பிரிச்சுத் தரத் தயார், சங்கப் பதிவுச் சான்று, அறங்காவலர் பட்டியல், நில வரைபடம் மூணையும் ஆறு மாசத்துக்குள்ள கொடுங்கன்னு கேட்டிருந்தாங்க. அப்போ செயலாளர் பொறுப்புல இருந்தது, இதை எழுதுற நாங்களேதான். கும்பாபிஷேக வேலை தலைக்கு மேல. ஆண்டறிக்கை ரெண்டு வருஷமா அனுப்பலை, அதனால பதிவுச் சான்றுல சிக்கல். அப்புறம் பார்த்துக்கலாம்னு கடிதத்தை உபய ரசீதுப் புத்தகத்தோட அலமாரியில வச்சோம். ஆறு மாசம் போச்சு, அந்த நிறுவனமும் நிலத்தை வித்துட்டுப் போயிடுச்சு. சாரியான் எடுக்கப் போகும்போது பழைய தாள் தேடினப்பதான் அந்தக் கடிதம் மறுபடியும் கையில சிக்கிச்சு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை. தொழிற்சாலையில சூப்பர்வைசர் வேலை பார்க்கிறோம். ஆடிட் வந்தா, எழுதி வைக்காத வேலை செய்யாத வேலைன்னு பசங்களை வறுத்தெடுக்கிறோம். அம்மன் விஷயத்துல மட்டும் அந்தப் புத்தி எங்கே போச்சு? எந்த ஒய்பியும் அந்தக் கடிதத்தை ஒளிச்சு வைக்கலை. எந்த மதத்துக்காரரும் தடுக்கலை. எங்க கையாலதான் போச்சு. மன்னிச்சுக்குங்க.

அதனால, வர்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்துல நாங்க ஒரு மாற்றுத் தீர்மானம் கொண்டு வர்றோம். கோபுரம் வேண்டாம்னு இல்லை. கொஞ்சம் தள்ளி வைப்போம். முதல் வருஷம் நாலு வேலை.

ஒண்ணு, சங்கப் பதிவிலாகாவுக்கு நிலுவையில இருக்கிற ஆண்டறிக்கையை எல்லாம் அனுப்பி முடிக்கணும். பொதுக்கூட்டம் முடிஞ்சு அறுபது நாளைக்குள்ள அனுப்ப வேண்டியதை, இனி ஒரு வருஷம் கூட விடக்கூடாது. பதிவு ரத்தானா நம்ம பேச்சை யாரும் கேட்க மாட்டாங்க.

ரெண்டு, லைசென்ஸ் உள்ள சர்வேயரை வச்சு, ஆலயம் எந்த லோட்ல எத்தனை அடி இருக்குன்னு வரைபடம் எடுக்கணும். சேர்ந்த பணத்துல ஒரு பகுதி இதுக்கும் வழக்கறிஞருக்கும் போகட்டும். கோபுரத்துக்குன்னு கொடுத்தவங்க சம்மதம் கேட்டுத்தான் எடுப்போம். வேண்டாம்னு சொல்றவங்களுக்குத் திருப்பித் தருவோம்.

மூணு, இப்போதைய நிலச் சொந்தக்காரரை நேர்ல போய்ப் பார்க்கணும். கூட்டமா கொடி பிடிச்சுப் போக வேண்டாம். அஞ்சு பேர், கையில கோப்பு. விலைக்குக் கொடுப்பாங்களா, பிரிச்சுத் தருவாங்களா, மாற்று நிலமான்னு பேசணும். எது கிடைச்சாலும் நிலம் தனி ஆள் பேர்ல போகக்கூடாது. ஆலயச் சங்கத்தோட பேர்லதான் பதிவாகணும்.

நாலு, எல்லாக் கட்சிக்காரருக்கும் ஒரே கடிதம். ஆட்சியில இருக்கிற மாநில ஒய்பிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே நாள்ல, லோட் நம்பரோட. அடுத்த தேர்தல்ல மண்டபத்துக்கு வர்றவங்களுக்கு மாலை போடுறதுக்கு முன்னாடி, அந்தக் கடிதம் என்ன ஆச்சுன்னு கேட்போம். பதில் சொன்னா ரெண்டு மாலையா போடுவோம்.

இதெல்லாம் செஞ்சும் இந்த இடம் கிடைக்காம போகலாம். அப்போ மாறித்தான் ஆகணும். அதையும் பேசித்தானே ஆகணும்? முறையா பாலஸ்தாபனம் செஞ்சு, மேளதாளத்தோட அம்மனை நாமளே கூட்டிக்கிட்டுப் போறது ஒரு விதம். விடியற்காலையில நோட்டீஸ் ஒட்டினதைப் பார்த்து அலறி அடிச்சுக்கிட்டு ஓடி வர்றது இன்னொரு விதம். எது நம்ம தாய்க்கு மரியாதைன்னு நீங்களே யோசிங்க.

பொதுக்கூட்டத்துக்கு எப்பவும் வர்றது முப்பது பேர். அன்னதானத்துக்கு வர்றது முந்நூறு பேர். இந்தத் தடவை சந்தா கட்டின அத்தனை பேரும் வரணும். எங்க தீர்மானத்துக்கு எதிரா ஓட்டுப் போடத்தான் வரீங்கன்னாலும் பரவாயில்லை, வாங்க.

அதுக்கு முன்னாடி, வர்ற ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மன் வாசலுக்கு வாங்க. கோபுரம் கட்டணும்னு சொல்ற ஐயாமார் கண்டிப்பா வரணும். வேகமா நடக்க மாட்டோம். அந்த லயத்துப் படிக்கட்டு வரைக்கும், முனியாண்டி வரைக்கும் போயிட்டு வருவோம். சாரியான் நகலைக் கொண்டு வர்றோம். நாலு எல்லையையும் நின்னு காட்டுறோம். திரும்பி வந்ததும் தோசையும் சாம்பாரும் இருக்கு, அன்னதானக் குழு அம்மாமார் ஒத்துக்கிட்டாங்க. காலுக்குச் சப்பாத்து போட்டுக்கிட்டு வாங்க, மழை பேஞ்சா அட்டை இருக்கும்.

அம்மன் எல்லாருக்கும் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். முதல்ல எங்களுக்கு.

ஓம் சக்தி.